இருமல் வந்தால்தான் மருந்து

1956-ஆம் வருடம், வெள்ளிக்கிழமை மாலை, சிங்கப்பூர் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண்கள் வார்டை ஒட்டிய அறையில் சார்ஜன்ட் மருதப்பன் முன்னிலையில் தமிழில் சொல்லி, தமிழிலேயே எழுதப்பட்டது.

என் பெயர் நூருன்னிசா. வயது முப்பத்திரண்டு. கணவர் பெயர் ஹனீபா. டன்லப் ஸ்திரீட்டில் அரிசிக் கடைக்கு மேலே உள்ள மாடியறையில் குடியிருக்கிறோம். பிறந்த ஊர் இராமநாதபுரம் ஜில்லா, கடற்கரைப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. மலாய், கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தெரியும். இவ்வளவையும் எழுதி முடிக்கும் வரைக்கும் சார்ஜன்ட் என்னை வேறு எதுவும் சொல்ல விடவில்லை. என் புருஷன் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடக்கிறார், நெஞ்சு விட்டு விட்டுத் துடிக்கிறது, முதலில் அதை எழுதுங்கள் என்றேன். அது அதன் இடத்தில் வரும், வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். சரி, வரிசையாகவே சொல்கிறேன். என்ன நடந்தது என்று சொல்ல முடியும். ஏன் நடந்தது என்று கேட்டால் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே சாமான் வலது கையில் போனால் வைத்தியம், இடது கையில் போனால் குற்றம் என்கிறீர்கள். அதை யாராவது எனக்கு விளங்கவைத்துவிட்டு எழுதினால் நன்றாயிருக்கும்.

என் கணவர் பஸ் கண்டக்டர். போன வருடம் அவருடைய தங்கை கல்யாணத்துக்குக் கப்பலேறி ஊருக்குப் போனார். நான் போகவில்லை. கல்யாணம் முடிந்தும் ஆள் திரும்பவில்லை. காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். விட்டு விட்டு வருகிற காய்ச்சல், வயிற்றின் இடது பக்கம் கெட்டியாக வீக்கம், முகமும் கையும் கறுத்துப் போய்விட்டன. எங்கள் பக்கத்தில் இதைக் கருங்காய்ச்சல் என்பார்கள். ஒருவித ஈ கடித்து வருவது என்று இங்கே டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதன் பிறகு அங்கே டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பில் ஊசி போட்டார்கள். அந்த ஊசியைப் பற்றி அவர் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இந்தக் கதைக்கெல்லாம் மூலம் அதுதான் என்பதால் சொல்கிறேன்.

அந்த வார்டில் காலையில் டிரெஸ்ஸர் ஊசியோடு வருவாராம். மருந்து உள்ளே போன உடனே ஆளுக்கு இருமல் பிடித்துக்கொள்ளுமாம். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் இருமுவார்களாம். ஒரு கட்டிலில் இருமல் அடங்கும்போது அடுத்த கட்டிலில் தொடங்குமாம். "வந்துருச்சா? அப்ப இறங்கிருச்சு" என்று சொல்லிவிட்டு டிரெஸ்ஸர் அடுத்த ஆளிடம் போவாராம். யாராவது ஒருவன் இருமாமல் படுத்திருந்தால் மற்றவர்கள் அவனைப் பார்த்து, பாவம், இவனுக்கு மருந்து சேரவில்லை என்று பரிதாபப்படுவார்களாம். இருமலுக்குப் பிறகு வாந்தி, தோள்பட்டையிலும் முழங்காலிலும் குடைச்சல். என் கணவர் அந்தக் குடைச்சல் தாங்காமல் பாதி வைத்தியத்திலேயே எழுந்து வந்து கப்பலேறிவிட்டார். காய்ச்சல் அப்போது நின்றிருந்தது. இங்கே வந்து கொஞ்ச நாளில் திரும்பவும் வந்துவிட்டது.

என் கூடப்பிறந்த அண்ணன் யாக்கூப். எங்கள் வழக்கப்படி காக்கா என்று கூப்பிடுவேன். அவரும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தனியார் மருந்தகத்தில் கம்பவுண்டர் வேலை, மருந்து கலக்கிக் கொடுப்பார். அவருடைய மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். நான் மேலே சொன்ன அந்த டவுன் ஆஸ்பத்திரியில் காக்கா கல்யாணத்துக்கு முன்பு வார்டு வேலை பார்த்தவர். ஊசி போடும்போது நோயாளிகளின் தோளைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. பிற்பாடு அவரையே ஊசி போடவும் பழக்கினார்கள். எங்கள் வாப்பா இறந்த பிறகு என்னை வளர்த்து, கட்டிக்கொடுத்தவர் அவர்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சார்ஜன்ட் இது தேவையில்லை என்கிறார். தேவை என்று நான் சொல்கிறேன்.

அதன் பிறகு என் கணவரை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மலேரியா என்று பார்த்தார்கள், இல்லை. காசநோய் என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. கடைசியில் நெஞ்சு எலும்பில் ஊசி குத்திப் பார்த்து, கருங்காய்ச்சல்தான் என்று ஒரு சீன டாக்டர் கண்டுபிடித்தார். வயதில் சின்னவர், கோபப்படாத மனிதர். அவர் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்கிறவர் நர்ஸ் பாக்கியலட்சுமி. மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். கொஞ்ச நாள் வார்டில் வைத்திருந்துவிட்டு, அதன் பிறகு தினமும் காலையில் வந்து வலது கையில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பினார்கள். புது மருந்தாம், பழைய மருந்தைவிட உடம்புக்கு இதமாம். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். ஊசி போட்டு முடித்து மிஸ்ஸி பஞ்சை வைத்து அழுத்தினார். என் கணவர் எழுந்திருக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"மிஸ்ஸி, போட்டாச்சா?"

"போட்டாச்சு அண்ணே, எந்திரிங்க. அடுத்த ஆள் நிக்கிறாரு."

"இருமலே வரலையே?"

"வராம இருந்தா நல்லதுதானே லா! ஏன், இருமணுமா உங்களுக்கு?"

மிஸ்ஸி சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "தண்ணிய ஏத்தி அனுப்புறாங்க நூரு" என்றார். தண்ணியை ஊசியில் ஏற்ற அவர்களுக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். "நல்ல மருந்த வெள்ளக்காரனுக்கு வெச்சுக்கிட்டு நமக்குத் தண்ணி. காசா பணமா, இலவச ஊசிதானே" என்றார். அடுத்த நாளும் இருமல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலும் உடனே இறங்கவில்லை. அதன் பிறகு எங்கே போனாலும் இதே பேச்சுதான். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரரிடம்கூடத் தண்ணி ஊசியைப் பற்றிப் புலம்பியிருக்கிறார் மனிதர்.

காக்கா வீட்டுக்கு வந்தபோது இவர் அவரிடமும் சொன்னார். காக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு, "இருமலே இல்லையா? ஒரு செருமல்கூட?" என்று கேட்டார். இல்லை என்றார் இவர். "மச்சான், அந்த மருந்து போட்டு இருமாத ஆள நான் பாத்ததே இல்ல" என்றார் காக்கா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்து மாறியிருக்கிறது, டாக்டர் புதுசு என்று சொன்னாரே என்றேன். காக்கா என்னைப் பார்த்து, "புதுசுன்னா என்ன அர்த்தம்? வேற ஏதோ லேசான சாமான். இந்தக் காய்ச்சலுக்குக் கேக்குறது அந்தப் பழைய மருந்து ஒண்ணுதான். எனக்குத் தெரியாத ஊசியா?" என்றார். எனக்கு என்ன தெரியும்? ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் என் காக்கா.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர் ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டு வரும்போது இருமிக்கொண்டே படியேறி வந்தார். முகம் வெளுத்திருந்தது. பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தார். காசநோய் இல்லை என்று சொன்னார்களே, இப்போது அதுவும் வந்துவிட்டதா என்று பயந்தேன். அவரோ வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. "வந்துருச்சு நூரு, இருமல் வந்துருச்சு" என்றார். என்ன கூத்து இது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் மருந்தைக் கூட்டிவிட்டார்கள் என்று சொன்னார். நம்பினேன்.

அது பொய் என்று அவருடைய இடது கையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வெயில் கொளுத்துகிற ஊரில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாரே என்று ஒரு நாள் பிடித்து இழுத்துப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் நெருப்பு பட்டது போலச் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் துள்ளினார். ஆஸ்பத்திரியில் போடுவது வலது கை. இடது கையில் யார் போட்டது என்று கேட்டேன். சொல்லாமல் விடமாட்டேன் என்று கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். அதன் பிறகுதான் சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் மருந்தகம் மூடியிருக்கும்போது பின்பக்க அறையில் பலகையில் படுக்கவைத்து என் காக்கா போடுகிறார். பழைய ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற ஒருவரிடம் அந்த மருந்துப் பொடியைத் தேடி வாங்கி, காய்ச்சிய தண்ணீரில் அவரே கரைக்கிறார். ஒரு தடவை மருந்து நரம்புக்கு வெளியே கசிந்துவிட்டது, அதுதான் இந்த வீக்கம்.

அன்று சாயங்காலம் காக்காவை வரவழைத்து இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சண்டை போட்டேன். கீழே அரிசிக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "ரெண்டு ஊசியும் ஒரே உடம்புக்குள்ள போகுதே, ஆஸ்பத்திரியில ஒரு வார்த்த சொல்லிட்டாவது போடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"சொன்னா அவங்க தண்ணிய நிறுத்த மாட்டாங்க தங்கச்சி, என் மருந்தத்தான் நிறுத்துவாங்க" என்றார் காக்கா.

"அப்ப அங்க போறத நிறுத்துங்க!"

"போகலன்னா பஸ் கம்பெனில ஆஸ்பத்திரிச் சீட்டு கேப்பான். வேல போயிரும்" என்றார் என் கணவர்.

"ரெண்டு பேரும் சேந்து என்னத்தையோ பண்ணுங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கிட்டப் போய் அழுறது?"

காக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "யாருக்கு நான் கெடுதல் பண்ணுவேன்? உன் புருஷனுக்கா?" என்று கேட்டார். அவர் கெடுதல் செய்யமாட்டார் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

இங்கே சார்ஜன்ட், அப்போதே ஏன் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை என்று கேட்டார். கேட்பது சுலபம். காய்ச்சல் இறங்கிவிட்டது ஐயா. அதைத்தான் நான் சொல்லவந்தேன். அந்த வாரமே காய்ச்சல் நின்றது. வயிற்று வீக்கம் வற்றியது. கஞ்சியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் ரொட்டியும் குருமாவும் கேட்டுச் சாப்பிட்டார். காக்கா, பார்த்தாயா என் மருந்தை என்றார். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் மிஸ்ஸி, பாத்தீங்களா எங்க மருந்த என்றார். நான் இருவருக்கும் தலையாட்டினேன். எதை நிறுத்தச் சொல்வேன்? எதை நிறுத்தினால் காய்ச்சல் திரும்பும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நல்லதுதான் நடக்கிறது, நாம் ஏன் குட்டையைக் குழப்ப வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு வேறு விதமாகத் தொடங்கியது. வாயெல்லாம் பித்தளைச் செம்பை நக்கியது போல இருக்கிறது என்றார். தோளைத் தூக்க முடியவில்லை. படியேறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் அவர் தூங்கும்போது நெஞ்சில் கைவைத்துப் பார்த்தேன். துடித்தது, துடித்தது, அதன் பிறகு துடிக்கவில்லை. யா அல்லாஹ் என்று நான் எழுந்து உட்காரவும் திரும்பத் துடித்தது. காக்காவிடம் சொன்னேன். பலவீனம், காய்ச்சல் போன உடம்பு அப்படித்தான், ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடு என்றார். வைத்துக் கொடுத்தேன்.

இன்று மதியம் நடந்தது நான் நேரில் பார்த்தது இல்லை. காக்கா சொன்னதைச் சொல்கிறேன். வழக்கம்போல இடது கையில் ஊசி போட்டிருக்கிறார். இருமலும் வந்திருக்கிறது. ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம், இது காக்காவின் பழைய ஆஸ்பத்திரிச் சட்டம். இவர் பாங்கு சத்தம் கேட்டதும், ஜும்மா போய்விடும் என்று எழுந்துவிட்டார். படு மச்சான் என்று சொல்லியும் கேட்கவில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யக் குழாயடியில் குனிந்தவர், நிமிரும்போது அப்படியே சாய்ந்துவிட்டார். தொழ வந்தவர்கள் தூக்கி டாக்சியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். காக்கா ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் இரண்டு பேரும் வந்தோம். வழியெல்லாம் காக்கா ஓதிக்கொண்டே வந்தார்.

வார்டில் அவருக்கு நினைவு இருந்தது. உதடு வெளுத்திருந்தது. டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் துடிப்புதான் இருக்கிறது, அதுவும் ஒழுங்காக இல்லை என்று மிஸ்ஸி என்னிடம் சொன்னார். அதன் பிறகு சட்டையைக் கழற்றும்போது இடது கையைப் பார்த்துவிட்டார்கள். இது யார் போட்டது, என்ன மருந்து என்று கேட்டார்கள். என் கணவர், தெம்புக்கு ஊசி, சைக்கிளில் வருகிற ஆள் ஒருவன் போட்டான், பெயர் தெரியாது என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். டாக்டர் நகர்ந்ததும் என் கையைப் பிடித்து, "காக்கா பேரச் சொல்லிடாத நூரு. அவரு புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும்" என்றார். கை சில்லென்று இருந்தது.

அதன் பிறகு டாக்டர் என்னை இந்த அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். மிஸ்ஸி தமிழில் சொன்னார். நாங்கள் போடுகிற மருந்தில் ஆண்டிமனி என்று ஓர் உலோகம் இருக்கிறது, நம் ஊரில் அஞ்சனக்கல் என்கிறோமே அந்த ஜாதி, அது நோயையும் கொல்லும், அளவு மீறினால் இதயத்தையும் பிடிக்கும், ஆனால் நாங்கள் கொடுத்த அளவுக்கு இப்படி ஆகக்கூடாது என்றார். வேறு யாராவது அதே உலோகத்தைக் கொடுத்திருந்தால் அதை முறிக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, கடலையெண்ணெயில் கலந்து வருவது. ஆனால் அதுவும் லேசானது இல்லை, ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இவருக்கு இயற்கையாகவே இதயக்கோளாறு என்றால் அதைப் போட்டே ஆளைக் கொன்றுவிடுவோம் என்றார். ஊசியால் வந்ததை முறிக்க ஊசி, அந்த ஊசியாலும் ஆபத்து. கண்ணுக்கு இடுகிற அஞ்சனத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம், கடலையெண்ணெய் எப்படி விஷத்தை முறிக்கும் என்று எனக்குத் தலை சுற்றியது. மிஸ்ஸி என் தோளைப் பிடித்து, "அக்கா, மத்தது எல்லாம் விடுங்க. அந்தக் கையில என்ன போச்சுன்னு மட்டும் தெரியணும். சீக்கிரம் தெரியணும் லா" என்றார்.

வெளியே வந்தேன். காக்கா நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"காக்கா, உன் மருந்துல என்ன இருக்கு?"

"ஏன் கேக்குறே?"

"பேரு என்னன்னு சொல்லு."

"ஆண்டிமனி."

"அவங்க மருந்துலயும் அதுதானாம்."

"இருக்காது" என்றார் உடனே. "அது இருந்தா இருமல் வரணும்."

"வரலன்னா இல்லன்னு யாரு சொன்னா உனக்கு?"

காக்கா இரண்டு உள்ளங்கைகளையும் கைலியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. எனக்கு மருந்து தெரியாது. என் காக்கா முகம் தெரியும். வாப்பா மௌத்தான அன்று அந்தச் செய்தியோடு வாசலில் வந்து நின்றவரின் முகம் அது. அதற்கு மேல் நான் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. திரும்பி உள்ளே போய் டாக்டரிடம், போட்டது என் அண்ணன், போட்டதும் அதே ஆண்டிமனி என்று சொன்னேன். சார்ஜன்ட் அதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டு வந்து கதவருகில் நின்றார். அவர் காதிலும் விழட்டும் என்றுதான் சொன்னேன், விழாமல் சொல்ல வழியும் இல்லை.

டாக்டர் அடுத்து, எவ்வளவு, எத்தனை தடவை, கடைசியாக எப்போது என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பெயரைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அளவு தெரிந்த ஒரே ஆள் வெளியே பெஞ்சில் இருக்கிறார், அவர் உள்ளே வர வேண்டுமென்றால் போலீஸ்காரரைத் தாண்டித்தான் வர வேண்டும். நான் நடைக்குப் போய், "காக்கா, எந்திரி. அளவு உனக்குத்தான் தெரியும்" என்றேன். சார்ஜன்ட் நின்றது அவருக்கும் தெரிந்தது. தெரு பக்கம் போகிற படி அவருக்கு நேர் எதிரேதான் இருந்தது. எழுந்தார், என் பின்னால் வந்தார். அவரை யாரும் பிடித்து இழுத்து வரவில்லை. சார்ஜன்ட் இந்த வரியை எழுதிவிட்டாரா என்று கேட்டேன். எழுதிவிட்டேன் என்று காட்டினார், படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

காக்கா டாக்டர் முன்னால் நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பொடி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, இன்று எவ்வளவு போட்டார் எல்லாம் சொன்னார். இரண்டு ஊசியும் சேர்ந்து நடந்த நாட்களை டாக்டர் விரல் விட்டு எண்ணினார், மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு காக்கா, "மிஸ்ஸி, டாக்டர்கிட்ட ஒண்ணு கேளுங்க. இவங்க மருந்துல ஏன் இருமல் வரல?" என்று கேட்டார். அது வேறு விதமாகச் செய்த ஆண்டிமனி, இருமல் அந்தப் பழைய மருந்தின் தொந்தரவு, அது மருந்து வேலை செய்கிற அடையாளம் இல்லை, அந்தத் தொந்தரவெல்லாம் வேண்டாம் என்றுதான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்றார் டாக்டர். மிஸ்ஸி மெதுவாகச் சொன்னார். காக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "எத்தன பேரு தோளப் புடிச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் அதற்குள் வார்டுக்குப் போய்விட்டார்.

முறிவு ஊசியை இடுப்பில் போட்டார்கள். எண்ணெய் ஊசி என்பதால் அலறிவிட்டார். அழுகின பூண்டு மாதிரி ஒரு நாற்றம் அறையெல்லாம் வந்தது. இனி நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டுமாம். இன்னும் சொல்ல முடியாது, காலை வரைக்கும் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். பிழைத்தாலும் ஆண்டிமனியை இப்போதைக்கு நிறுத்த வேண்டும், நிறுத்தினால் கருங்காய்ச்சல் திரும்பி வரலாம், வந்தால் மறுபடி அதே ஆண்டிமனிதான் போட வேண்டும் என்கிறார். சரி என்றேன். புரிந்ததா என்று மிஸ்ஸி கேட்டார். இல்லை என்றேன்.

என் கணவர் சைக்கிள்காரன் என்று சொன்னது பற்றிக் கேட்டதற்கு, அது என் அண்ணனைக் காப்பாற்றச் சொன்ன பொய், வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நான் பெயரைச் சொன்னது அவருக்கு இன்னும் தெரியாது. அவர் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன், திட்டட்டும். லைசென்ஸ் இல்லாமல் ஊசி போட்டதற்கு என் அண்ணன் மேல் வழக்கு வரும் என்று சார்ஜன்ட் சொன்னார். என் கணவர் பிழைக்கவில்லை என்றால் என்ன வழக்கு என்று கேட்டேன். அதை இப்போது பேச வேண்டாம் அம்மா என்றார். பேசாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

இதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். நடந்ததாக நான் சொன்னதெல்லாம் நடந்தது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை, ஆசை காட்டியும் சொல்லவைக்கவில்லை. மருந்து விஷயத்தில் எது சரி, எது தப்பு என்பதற்கு நான் சாட்சி இல்லை. கையெழுத்துப் போடும் முன் சொல்ல வேறு ஏதாவது இருக்கிறதா என்று சார்ஜன்ட் கேட்டார். இருக்கிறது என்றேன். எனக்கு இரண்டு பேரும் வேண்டும் என்றேன். அதை வாக்குமூலத்தில் எழுத இடம் இல்லை என்றார். கடைசி வரியாக எழுதுங்கள், எழுதாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அதன் பிறகு எழுதினார்.

எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

(ஒப்பம்) நூருன்னிசா